சிறகை வெட்டினால் நரம்பு ஏன் சாகிறது? ஹாம்பர்கர், ரீட்டா, அவர்களின் கடிதங்கள்

அடைக்கு வைத்து மூன்று நாளான கோழி முட்டையின் ஓட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டிப் பார்த்தால், மஞ்சள் கருவின் மேல் நகத்தைவிடச் சிறிய ஒரு கரு கிடக்கும். இதயம் துடிக்க ஆரம்பித்திருக்கும். அதிலிருந்து மெல்லிய சிவப்பு இழைகளாக ரத்தக் குழாய்கள் நாலாபக்கமும் ஓடும். உருப்பெருக்கியில் பார்த்தால் உடம்பின் இரு பக்கமும் லேசான புடைப்புகள் தெரியும். முன்னால் இருப்பவை சிறகாகப் போகின்றன, பின்னால் இருப்பவை காலாகப் போகின்றன. இவற்றைச் சிறகு அரும்பு, கால் அரும்பு என்போம்.

நம் உடம்பில் தண்டுவடம் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனில் இல்லை. கைகளுக்கு நரம்பு கிளம்பும் இடத்தில் பருத்திருக்கும், கால்களுக்குக் கிளம்பும் இடத்திலும் பருத்திருக்கும். கோழிக்கும் அப்படித்தான். கை கால்களில் தசையும் தோலும் அதிகம் என்பதால் அங்கே நரம்புச் செல்களும் அதிகம் வேண்டும். இதுவரை புரிகிறது. ஆனால் தண்டுவடம் உருவாகும் வேளையில் கையும் இல்லை, காலும் இல்லை, அரும்பு மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் இந்த இடத்துக்கு இத்தனை ஆயிரம் செல் போதும் என்று கணக்குப் போடுவது யார்?

இந்தக் கேள்விக்கு விடை கண்டதில் பெரும் பங்கு இருவருக்கு உண்டு. ஒருவர் ஜெர்மன்காரர், இன்னொருவர் இத்தாலிக்காரர். இருவரும் யூதர்கள், இருவர் வேலையையும் அவரவர் நாட்டு அரசே பிடுங்கியது. இருவரும் சேர்ந்து ஆராய்ந்தது அமெரிக்காவில். அவர்களின் நட்பு ஒரு கருத்து வேறுபாட்டில் தொடங்கியது. அந்த வேறுபாட்டை அவர்கள் கையாண்ட விதத்தால்தான் விடையே கிடைத்தது என்று நினைக்கிறேன்.

விக்டர் ஹாம்பர்கர் 1900ல் ஜெர்மனியின் சைலீசியாப் பகுதியில் பிறந்தவர். ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஸ்பேமனிடம் கருவியல் பயின்றார். தவளை, நியூட் (பல்லி போல இருக்கும் நீர்நில உயிர்) போன்றவற்றின் கருக்களில் நுண்ணிய அறுவை செய்வதில் ஸ்பேமனின் ஆய்வகத்துக்கு அந்நாளில் இணை கிடையாது. கண்ணாடிக் குச்சியைத் தீயில் காட்டி இழுத்து, முடியைவிட மெல்லிய முனை உள்ள ஊசிகளை அவர்களே செய்துகொள்வார்கள். அந்தக் கைத்தொழிலைக் கற்றுக்கொண்ட ஹாம்பர்கர், 1932ல் ஒரு வருட ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் சிகாகோவில் இருந்த ஃபிராங்க் லில்லியின் ஆய்வகத்துக்குப் போனார். மறு வருடம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் பிறந்தது. இனி இங்கே உங்களுக்கு வேலை இல்லை என்று ஃப்ரைபர்கிலிருந்து சிகாகோவுக்குக் கடிதம் வந்தது. ஒரு வருடத்துக்கென்று வந்தவர் அப்படியே அமெரிக்காவில் தங்கிவிட்டார். 1935ல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கடைசிவரை அங்கேயே இருந்தார்.

சிகாகோவில் லில்லி அவருக்கு ஒரு பழைய சோதனையை நினைவூட்டினார். 1909ல் மேரியன் ஷோரி என்ற அவருடைய மாணவி, கோழிக் கருவின் சிறகு அரும்பை மின் ஊசியால் சுட்டு அழித்துவிட்டு நரம்பு மண்டலத்துக்கு என்ன ஆகிறது என்று பார்த்திருந்தார். சுட்டால் பக்கத்துத் திசுவும் கருகிப் போகலாம். கண்ணாடி ஊசியால் செய்தால் சுத்தமாக இருக்குமே என்று ஹாம்பர்கர் அதே சோதனையைத் திரும்பச் செய்தார். முட்டையில் ஜன்னல் வெட்டி, ஒரு பக்கச் சிறகு அரும்பை மட்டும் எடுத்துவிட்டு, ஜன்னலை மூடி, முட்டையை மறுபடி அடைகாப்பில் வைத்தார். மறு பக்கத்தைத் தொடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பக்கமும் அதே கருவிலேயே இருந்தது என்பதுதான் இதில் அழகு.

சில நாள் கழித்துத் தண்டுவடத்தைச் சீவிப் பார்த்தபோது, சிறகு இல்லாத பக்கத்தில் தசையை இயக்கும் நரம்புச் செல்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. தண்டுவடத்தை ஒட்டி வெளியே இருக்கும் நரம்பு முடிச்சுகளும் சூம்பிக் கிடந்தன. தோலிலிருந்தும் தசையிலிருந்தும் செய்தி கொண்டுவரும் உணர்வு நரம்புகளின் செல்கள் குடியிருக்கும் இடம் அவை. எவ்வளவு தசை போனதோ அதற்கேற்ற அளவில் இயக்கச் செல்களும் குறைந்தன. 1934ல் இதை வெளியிட்ட ஹாம்பர்கர் ஒரு விளக்கமும் சொன்னார். வளரும் சிறகு தண்டுவடத்துக்கு ஏதோ ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது. அந்தச் சமிக்ஞைதான் இன்னும் எதுவாகவும் ஆகாத இளம் செல்களை நரம்புச் செல்லாக மாறச் சொல்கிறது. சிறகு இல்லையென்றால் சமிக்ஞை இல்லை, ஆகவே புதுச் செல்களும் உருவாவதில்லை. ஸ்பேமனின் பள்ளியில் வளர்ந்தவர் அப்படி யோசித்தது இயல்பு. ஒரு திசு இன்னொரு திசுவைத் தூண்டி உருமாற்றுகிறது என்பதுதான் ஸ்பேமனுக்கு 1935ல் நோபல் பரிசு வாங்கித் தந்த கண்டுபிடிப்பு.

இப்போது டூரின் நகருக்குப் போகலாம்.

ரீட்டா லெவி-மொந்தால்சினி 1909ல் அங்கே பிறந்தவர். மருத்துவம் படித்தபோது அவருக்கு ஆசிரியர் ஜுசெப்பே லெவி என்ற திசுவியல் பேராசிரியர். இத்தனைக்கும் இருவரும் உறவில்லை. சால்வடோர் லூரியாவும் ரெனாட்டோ டல்பெக்கோவும் அங்கே உடன் படித்தவர்கள். மூவருமே பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்கள். 1938ல் முசோலினியின் இனச் சட்டங்கள் வந்தன. யூதர்கள் பல்கலைக்கழகத்தில் வேலை செய்யக் கூடாது என்றானது. ரீட்டா கொஞ்ச காலம் ப்ரஸ்ஸல்ஸ் போய் வேலை பார்த்தார். ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழையும் முன் ஊர் திரும்பிவிட்டார்.

அப்போதுதான் ஹாம்பர்கரின் 1934 கட்டுரையைப் படித்தார். வெட்டிய அரும்பும் சூம்பிய முடிச்சும் அவர் மனதைவிட்டுப் போகவில்லை. வீட்டில் தன் படுக்கையறையிலேயே ஒரு ஆய்வகம் அமைத்துக்கொண்டார். தையல் ஊசிகளைத் தீட்டி அறுவைக் கருவி ஆக்கினார். கடிகாரம் பழுதுபார்ப்பவரின் இடுக்கியும் கண் மருத்துவரின் சின்னக் கத்தரிக்கோலும் கிடைத்தன. வேலை இழந்த ஜுசெப்பே லெவி தன் மாணவியின் படுக்கையறை ஆய்வகத்தில் உதவியாளராக வந்து சேர்ந்தார். 1942ல் டூரின் மேல் குண்டு மழை பொழிந்ததும் குடும்பம் அஸ்தி என்ற ஊருக்குப் பக்கத்துக் குன்றுகளில் ஒரு கிராமத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தது, ஆய்வகமும் கூடவே போனது. சேவல் சேர்ந்த முட்டை வேண்டும் என்பதால், குழந்தைகளுக்கு அதுதான் சத்து என்று சொல்லிப் பண்ணைக்காரர்களிடம் வாங்குவாராம். கருவை எடுத்துக்கொண்ட பிறகு மிச்ச முட்டை வீட்டில் ஆம்லெட் ஆகும்.

அவர் செய்தது ஹாம்பர்கரின் சோதனையேதான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஹாம்பர்கர் பெரும்பாலும் கடைசி நிலையைப் பார்த்தார். ரீட்டாவோ ஒவ்வொரு நாளாக எடுத்து, வெள்ளி உப்பால் சாயமேற்றி எண்ணினார். வெள்ளிச் சாயம் நரம்புச் செல்லையும் அதன் இழையையும் பழுப்பாகவும் கறுப்பாகவும் தனித்துக் காட்டும். லெவியிடம் அவர் கற்றுத் தேர்ந்த வித்தை அது. எண்ணிப் பார்த்தால் ஆச்சரியம். அரும்பை எடுத்த பக்கத்திலும் ஆரம்பத்தில் நரம்புச் செல்கள் வழக்கம்போல உருவாகியிருந்தன. இழைகளும் வளர்ந்து வெளியே கிளம்பியிருந்தன. அதற்குப் பிறகுதான் அவை ஒவ்வொன்றாக மறைந்தன.

ஆக, பிறக்காமல் போன செல்கள் அல்ல இவை, பிறந்து செத்த செல்கள். சிறகிலிருந்து வருவது புதுச் செல்களை உண்டாக்கும் தூண்டுதல் இல்லை, இருக்கிற செல்களை உயிரோடு வைத்திருக்கும் ஏதோ ஒன்று என்பது இவர்கள் கண்ட பொருள். இத்தாலியப் பத்திரிகைகள் யூதர்களின் கட்டுரையை ஏற்காது என்பதால் 1942ல் இது பெல்ஜியத்தில் வெளியானது.

போர் முடிந்த பிறகு இந்தக் கட்டுரை செயின்ட் லூயிஸில் ஹாம்பர்கர் கண்ணில் பட்டது. தன் விளக்கம் தவறு என்று யாரோ இருவர் எழுதியிருக்கிறார்கள். பலரும் இந்த இடத்தில் மறுப்புக் கட்டுரை எழுதப் பேனாவை எடுப்பார்கள். ஹாம்பர்கர் 1946ல் ஜுசெப்பே லெவிக்குக் கடிதம் எழுதி, ரீட்டா அமெரிக்கா வந்து தன்னோடு சேர்ந்து இந்தச் சோதனையை மறுபடி செய்ய முடியுமா என்று கேட்டார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த செயல் இதுதான். தன்னை மறுத்தவரையே தன் மேசைக்கு அழைத்துப் பக்கத்தில் உட்காரவைப்பது அறிவியலில்கூட அடிக்கடி நடப்பதில்லை.

1947ல் ரீட்டா கப்பலேறினார். அதே கப்பலில் டல்பெக்கோவும் அமெரிக்கா போனார். சில மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பியவர் ஏறத்தாழ 30 வருடம் அங்கே வேலை பார்த்தார். டூரினில் இருந்த அம்மாவுக்கும், தன்னோடு இரட்டையாகப் பிறந்த ஓவியர் பாவ்லாவுக்கும் விடாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

செயின்ட் லூயிஸில் இருவரும் கருக்களைச் சீவி, சாயமேற்றி, எண்ணினார்கள். ரீட்டா சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. அதைவிடப் பெரிய ஒன்றும் தெரிந்தது. அறுவையே செய்யாத, முற்றிலும் இயல்பான கருவிலும் நரம்புச் செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. அதிலும் கழுத்துப் பகுதியிலும் மார்புப் பகுதியிலும், அதாவது கை கால் முளைக்காத இடங்களில் உள்ள முடிச்சுகளில் இது மிக அதிகம். செல்கள் சுருங்கிக் கறுத்து உடைய, குப்பை அள்ளும் செல்கள் வந்து அவற்றை விழுங்கிக்கொண்டு போகின்றன. சில நாளில் அங்கே ஒரு சாவு நடந்த தடயமே இருக்காது. அதனால்தான் அதற்கு முன் பலர் கண்ணிலும் அது படாமல் போனது. 1949ல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட இந்தக் கட்டுரைதான் கணக்குப் போடுவது யார் என்ற கேள்விக்கு முதல் உறுதியான விடை.

விடை இதுதான்: யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடுவதில்லை. உடம்பு எல்லா இடத்திலும் தேவைக்கு மேல் நரம்புச் செல்களை உண்டாக்கி வைக்கிறது. அவை இழை நீட்டிப் போய்த் தோலையோ தசையையோ தொடுகின்றன. தொட்ட இடத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு பொருள் போதிய அளவு கிடைத்தால் பிழைக்கின்றன, இல்லையென்றால் சாகின்றன. கல்யாணப் பந்தியில் இலை நூறுதான், வந்தவர் இருநூறு என்றால் உட்கார்ந்தவர் சாப்பிடுவார், மற்றவர் பசியோடு திரும்புவார். சிறகு பெரிது, இலை அதிகம், அதனால் அங்கே பிழைத்த செல்லும் அதிகம். கழுத்துக்குச் சிறகு இல்லை, அங்கே பிழைத்ததும் கொஞ்சம். தண்டுவடம் சில இடங்களில் பருத்திருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

சரி, அந்தப் பொருள் என்ன?

இங்கே மூன்றாவதாக ஒருவர் வருகிறார். எல்மர் ப்யூக்கர், ஹாம்பர்கரின் பழைய மாணவர். சிறகு நரம்பை ஈர்க்கிறது என்றால் வேகமாக வளரும் வேறெந்தத் திசுவும் ஈர்க்குமா என்று பார்க்க, எலியின் புற்றுக் கட்டிகளைக் கோழிக் கருவில் பதித்துப் பார்த்தார். சார்கோமா 180 என்ற கட்டி மட்டும் வேலை செய்தது. உணர்வு நரம்புகள் அதற்குள் புகுந்து வளர்ந்தன, பக்கத்து முடிச்சு பருத்தது. 1948ல் இதை வெளியிட்டார். அவர் சம்மதத்தோடு ஹாம்பர்கரும் ரீட்டாவும் சோதனையைத் தொடர்ந்தார்கள்.

வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது ரீட்டாவுக்கு வேறொரு காட்சி கிடைத்தது. இதயத் துடிப்பு, வியர்வை என்று தானாக நடப்பவற்றைக் கவனிக்கும் பரிவு நரம்பு மண்டலத்தின் முடிச்சுகள் இயல்பைவிடப் பல மடங்கு வீங்கியிருந்தன. அவற்றின் இழைகள் தலைகால் தெரியாமல் வளர்ந்து, போகக் கூடாத உறுப்புகளுக்குள் எல்லாம் நுழைந்திருந்தன, ரத்த நாளங்களுக்குள்கூட. கட்டிக்கு ரொம்ப தூரத்தில் இருந்த முடிச்சுகளும் பருத்திருந்தன. அப்படியென்றால் கட்டி வெறும் பெரிய இலக்காக மட்டும் இல்லை, அதிலிருந்து ஏதோ கசிகிறது, ரத்தத்தின் வழியே பரவுகிறது. இதைச் சோதிக்கக் கட்டியைக் கருவுக்குள் வைக்காமல், முட்டைக்குள் கருவைச் சூழ்ந்திருக்கும் சவ்வின் மேல் வைத்தார்கள். கட்டிக்கும் கருவுக்கும் இடையே ரத்த ஓட்டம் மட்டும்தான் தொடர்பு. முடிச்சுகள் அப்போதும் வீங்கின.

கசியும் பொருளைப் பிரித்தெடுக்க வேண்டும் என்றால் விரைவாகச் சோதிக்கும் முறை தேவை. ஒவ்வொரு முறையும் முட்டைக்குள் கட்டி வைத்து வாரக்கணக்கில் காத்திருந்தால் வேலை நகராது. கருவுக்கு வெளியே கண்ணாடியில் திசுவை வளர்க்கும் முறை ஒரு வழி. செயின்ட் லூயிஸில் அந்த வசதி இல்லை. ரீட்டாவுக்கு ஒரு தோழி நினைவுக்கு வந்தார். ஹெர்தா மேயர், பெர்லினைச் சேர்ந்த யூதர், டூரினில் லெவியிடம் திசு வளர்ப்புச் செய்தவர். அங்கிருந்து தப்பி பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ போய், கார்லோஸ் சாகஸ் ஃபில்யோவின் உயிரியற்பியல் நிறுவனத்தில் ஒரு வளர்ப்பு ஆய்வகம் நடத்திக்கொண்டிருந்தார். 1952ல் ரீட்டா ரியோவுக்கு விமானம் ஏறினார். கட்டி பதித்த இரண்டு வெள்ளெலிகள் சின்னப் பெட்டிக்குள் கூடவே பயணித்தன.

ரியோவிலிருந்து அவர் ஹாம்பர்கருக்கு எழுதிய கடிதங்கள் பிழைத்திருக்கின்றன. ஆய்வறிக்கையின் அடக்கம் அவற்றில் இல்லை. இன்று என்ன ஆனது, நாளை என்ன செய்யப் போகிறேன், எதில் நம்பிக்கை போய்விட்டது என்று எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். பார்த்ததை மையால் வரைந்தும் அனுப்பினார். புகைப்படத்தைவிட அந்த வரைபடம் ஹாம்பர்கருக்கு அதிகம் சொல்லியிருக்கும், எந்த இழை எங்கிருந்து கிளம்புகிறது என்று ரீட்டாவின் கண் தேர்ந்தெடுத்துக் காட்டியிருக்குமே.

சோதனையைக் கிட்டத்தில் பார்ப்போம். மெல்லிய கண்ணாடித் தகட்டில் ஒரு துளி கோழி ரத்தத்தின் பிளாஸ்மா, அதோடு கொஞ்சம் கருச் சாறு. இது உறைந்து ஜெல்லியாகும். அதற்குள் எட்டு நாள் கோழிக் கருவின் ஒரு நரம்பு முடிச்சு, அதற்கு எதிரே இம்மி அளவு இடைவெளி விட்டு ஒரு துணுக்குக் கட்டி. தகட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, குழி உள்ள இன்னொரு கண்ணாடியின் மேல் ஒட்டினால் துளி அந்தரத்தில் தொங்கும். உடம்புச் சூட்டில் வைத்துவிட்டு மறுநாள் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

முதல் முயற்சிகள் ஏமாற்றின. எலியிலிருந்து நேரே எடுத்த கட்டி பலன் தரவில்லை. அப்புறம், முதலில் கோழிக் கருவில் பதித்து வளர்த்த கட்டியை எடுத்து வைத்தார். ஒரே நாளில் முடிச்சைச் சுற்றி நரம்பிழைகள் நெருக்கமாக, நேராக, எல்லாத் திசையிலும் கிளம்பியிருந்தன. கட்டி இருந்த பக்கத்தில் அடர்த்தி இன்னும் அதிகம். அந்த வளையத்துக்கு ஒளிவட்டம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கட்டி இல்லாத தகட்டில் நாலைந்து இழை தள்ளாடிக்கொண்டு வெளியே வந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த மகிழ்ச்சிக்கும் ஒரு அடி விழுந்தது. கட்டிக்குப் பதில் எலியின் சாதாரணத் திசுவை வைத்தபோதும், பலவீனமாக ஒரு ஒளிவட்டம் தோன்றியது. அப்படியென்றால் இது கட்டியின் தனிக் குணமே இல்லையா? ரீட்டா மனம் சோர்ந்துபோனார். நரம்பைக் காப்பாற்றும் பொருள் இயல்பான திசுக்களிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்பதற்கு முதல் அடையாளம் அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது. இருக்கத்தானே வேண்டும்? சிறகின் தோலில் அந்தப் பொருள் இல்லையென்றால் சிறகு நரம்புகளை எது காப்பாற்றும்?

1953 தொடக்கத்தில் ரீட்டா திரும்பி வந்தபோது, ஹாம்பர்கரின் துறையில் ஸ்டான்லி கோஹன் என்ற இளம் உயிர்வேதியியலாளர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ரீட்டா ஒளிவட்டத்தை வைத்துச் சோதிப்பார், கோஹன் கட்டிச் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரிப்பார். செயல்படும் பகுதியில் புரதமும் நியூக்ளிக் அமிலமும் கலந்து இருந்தன. இரண்டில் எது உண்மையான ஆள்? அதே பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர்தர் கோர்ன்பெர்க், பாம்பு விஷத்தைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். அதில் உள்ள நொதி நியூக்ளிக் அமிலத்தைச் சிதைத்துவிடும். ஒளிவட்டமும் மறைந்தால் நியூக்ளிக் அமிலம்தான் ஆள், மறையாவிட்டால் புரதம். சேர்த்தார்கள், ஒளிவட்டம் மறையவில்லை, முன்பைவிடப் பிரமாதமாக விரிந்தது. விஷத்தை மட்டும் தனியே வைத்தும் பார்த்தார்கள், அதுவே கட்டியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வீரியமாக வேலை செய்தது. விஷப்பை என்பது பாம்பின் உமிழ்நீர்ச் சுரப்பிதானே, அப்படியானால் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பார்ப்போம் என்று கோஹன் யோசித்தார். வளர்ந்த ஆண் எலியின் தாடைக்குக் கீழ் உள்ள சுரப்பியில் அந்தப் பொருள் கொட்டிக் கிடந்தது. அதற்கு நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயர். 1971ல் அதன் அமைப்பு முழுதாகத் தெரிந்தது: 118 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலிகள் இரண்டு சேர்ந்த ஒரு புரதம்.

இந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருளைப் பிறந்த எலிக்குட்டிக்குச் செலுத்தினால் அதன் பரிவு நரம்பு முடிச்சுகள் ஏறத்தாழ முழுதும் அழிந்துபோயின. வளர்ப்பதற்கு மட்டும் இல்லை, உயிர் தரிப்பதற்கே இந்தப் புரதம் வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் கிடையாது.

இப்போது செல்லுக்குள் நடப்பதையும் ஓரளவு சொல்ல முடியும். நரம்பிழையின் நுனியில் ட்ராக்-ஏ என்ற ஏற்பி இருக்கிறது. தோல் சுரக்கும் காரணி அங்கே வந்து ஒட்டும்போது, இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து ஒன்றின் மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கின்றன. அந்த ஜோடியைக் காரணியோடு சேர்த்து நுனி ஒரு சிறு பையாக உள்ளே விழுங்கிக்கொள்ளும். பிறகு அந்தப் பை, இழை நெடுக ஓடும் நுண்குழாய்களைப் பிடித்தபடி, செல்லின் உடல் வரை பின்னோக்கிப் பயணம் செய்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தால்தான் செல் பிழைக்கும். அது வராவிட்டால் செல் வெறுமனே பட்டினியில் வாடிச் சாவதில்லை, தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொடங்குகிறது. 1988ல் இதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் காரணியைப் பறித்த நரம்புச் செல்களில் புதுப் புரதம் உண்டாவதைத் தடுத்துப் பார்த்தார்கள். செல்கள் சாகவில்லை! சாவதற்கும் சில புரதங்களைப் புதிதாகச் செய்தாக வேண்டியிருக்கிறது என்பது இதன் பொருள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் காரணி எல்லா நரம்புக்கும் ஆனது இல்லை. வலியும் சூடும் உணரும் நரம்புகளையும் பரிவு நரம்புகளையும்தான் இது காக்கிறது. ஹாம்பர்கர் முதலில் எண்ணிய இயக்க நரம்புச் செல்களுக்கு இதனால் பலன் இல்லை, அவற்றுக்கு வேறு காரணிகள் உண்டு. 1982ல் பன்றி மூளையிலிருந்து இதன் உறவான இன்னொரு புரதம் கிடைத்தது, அப்புறம் குடும்பமே பெரிதானது. ட்ராக்-ஏ மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு வலி தெரியாது, வியர்க்காது. அந்த இரண்டு வகை நரம்புகளும் கருவிலேயே செத்துவிடுவதுதான் காரணம். கருவிழியில் நரம்பு பட்டுப்போய்ப் புண் ஆறாமல் தவிப்பவர்களுக்கு இந்தக் காரணியையே சொட்டு மருந்தாக்கி, 2018ல் அமெரிக்காவில் அனுமதி தந்தார்கள்.

ரியோ முடிவுகளைச் சொன்ன 1954 கட்டுரையில் ரீட்டா, ஹெர்தா மேயர், ஹாம்பர்கர் மூவர் பெயரும் இருக்கின்றன. கட்டியிலிருந்து காரணியைப் பிரித்த அதே வருடத்துக் கட்டுரையில் கோஹன், ரீட்டா, ஹாம்பர்கர். அதன் பிறகு ஹாம்பர்கர் விலகிக்கொண்டார். வேதியியல் தன் களம் இல்லை என்று, முட்டைக்குள் கரு எப்போது, எப்படி அசையத் தொடங்குகிறது என்ற வேறு கேள்விக்குப் போய்விட்டார். 1986ல் நோபல் பரிசு ரீட்டாவுக்கும் கோஹனுக்கும் கிடைத்தது. மூன்று பேருக்குப் பகிரலாம் என்றிருந்தும் ஹாம்பர்கர் பெயர் இல்லை. அது சரியில்லை என்று நரம்பியலாளர்கள் பலர் வெளிப்படையாகவே எழுதினார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. 1983ல் ஹார்விட்ஸ் பரிசை மூவருக்கும் சேர்த்துத் தந்த கொலம்பியா பல்கலைக்கழகம் இன்னும் நியாயமாக நடந்துகொண்டது. நோபலுக்குப் பிறகு இரு நண்பர்களுக்கும் நடுவே மனக்கசப்பு வந்தது. கண்டுபிடிப்பில் தன் பங்கை ரீட்டா குறைத்துச் சொன்னதாக ஹாம்பர்கர் வருந்தினார். இத்தனை கடிதம் எழுதிக்கொண்டவர்களுக்கு இப்படி ஆனது வருத்தம்தான். ஹாம்பர்கர் 2001ல், 100 வயதில் இறந்தார். ரீட்டா 2012ல், 103 வயதில்.

விலகிப் போன ஹாம்பர்கர் சாகும் செல்களை மட்டும் மறக்கவில்லை. 1975ல், 75 வயதை நெருங்கும்போது, கோழிக் கருவின் கால்களுக்கான இயக்கச் செல்களை நாள்வாரியாக எண்ணி வெளியிட்டார். சுமார் 20,000 செல்கள் உருவாகி, 12,000 மட்டும் மிஞ்சுகின்றன. அடுத்த வருடம் மார்கரெட் ஹாலிடேயோடு சேர்ந்து 1934 சோதனையைத் திருப்பிப் போட்டார். இருக்கும் காலோடு கூடுதலாக ஒரு கால் அரும்பை ஒட்டவைத்தார்கள். சாக வேண்டிய செல்களில் ஒரு பகுதி பிழைத்துக்கொண்டது. 1981ல் இன்னொரு வேலையும் செய்தார். கோழிக் கருக்களுக்கு நரம்பு வளர்ச்சிக் காரணியை ஊசி மூலம் செலுத்தி, தானும் ரீட்டாவும் 1949ல் சாவதைப் பார்த்த அதே வகை உணர்வு நரம்பு முடிச்சுகளைச் சீவி எண்ணினார். அறுவை இல்லாத இயல்பான கருவில் நடக்கும் அந்தச் சாவு வெகுவாகக் குறைந்திருந்தது. அதுவரை காரணி இல்லாவிட்டால் செல் சாகும் என்பதுதான் தெரிந்திருந்தது. இயல்பாகவே சாக இருந்த செல்லையும் அது காப்பாற்றும் என்பதைக் கருவுக்குள்ளேயே காட்டியது இந்தக் கட்டுரை.